பிணமாக நடித்த தம்பி அக்காவுக்கு எழுதியது

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

உங்கள் தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் உடம்பளவில் சௌக்கியம். அங்கே நீங்களும், நான்கு நாட்களாக உங்களோடு வந்து தங்கியிருக்கும் உங்கள் மருமகளான என் மகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் பேசலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போன் செய்தால் அவள் எடுத்துவிடுவாளோ என்று ஒரு பயம். எடுக்காமல் உங்களிடம் நீட்டிவிடுவாளோ என்று இன்னொரு பயம். தவிரவும் முப்பத்தோரு வருடம் லிஃப்ட் பரிசோதகராக இருந்தவன் நான். எதையும் எழுத்தில் கொடுத்தால்தான் எனக்குச் சொன்ன மாதிரி இருக்கும். அந்தப் பழக்கம்தான் இப்போது வினையாகி நிற்கிறது.

அவள் எதற்காகப் பையைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் வந்தாள் என்று உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். அழுத்தக்காரி. நானே சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் அவளுக்குப் படக்கலை ஒரு பாடம் என்பது உங்களுக்குத் தெரியும். இந்தப் பருவத்தில் மூன்று மூன்று பேராகச் சேர்ந்து ஒரு திகில் படத்தின் ஆரம்பத்தை மட்டும் எடுக்க வேண்டுமாம். இரண்டே நிமிடம். "மீதிப் படம்?" என்றேன். "மீதி கிடையாதுப்பா" என்றாள். "அப்ப யாரு கொலைகாரன்னு எப்படித் தெரியும்?" "தெரியாது." "எடுக்கிற உங்களுக்காவது தெரியுமா?" என்று கேட்டேன். எடுத்த படத்தை நாலு பேருக்குப் போட்டுக் காட்டி, அவர்கள் கருத்தை எழுதி வாங்கி, எது நன்றாக வந்தது, எது சொதப்பியது என்று தங்கள் படத்தைத் தாங்களே மதிப்பிட்டுக் கட்டுரை எழுத வேண்டும். படத்துக்குப் பாதி மதிப்பெண், கட்டுரைக்குப் பாதி. தன் குறையைத் தானே எழுதினால் மதிப்பெண் தருகிறார்கள் என்றதும் எனக்கு அந்தக் கல்லூரி மீது பெரிய மரியாதை வந்துவிட்டது. தப்பு அங்கேதான் தொடங்கியது.

அவளோடு சேர்ந்தவர்கள் இரண்டு பேர். கேமரா பிடிப்பவள் நெட்டை. கதவு நிலையில் குனிந்துதான் நுழைவாள். ஒலி பார்ப்பவன் காது. ஹெட்போனைக் கழற்றி நான் பார்த்ததே இல்லை, அதனால் அந்தப் பெயர். கதை எழுதியதும் இயக்குவதும் கதாநாயகியாக நடிப்பதும் உங்கள் மருமகள். கதை இதுதான். ஒரு பெண் லிஃப்டிலிருந்து இறங்குகிறாள். வீட்டுக் கதவு லேசாகத் திறந்திருக்கிறது. தள்ளினால் கிறீச்சென்று சத்தம். ஹாலில் நாற்காலியில் ஒருவர் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். அவர் மடியில் போன் அடிக்கிறது. அவர் எடுக்கவில்லை. அந்தப் பெண் வாசலிலேயே நிற்கிறாள். திரை கறுத்துப் படத்தின் பெயர் வருகிறது. அவ்வளவுதான்.

"அப்பா, நீங்கதான் பிணம்" என்றாள். இரண்டு வருடத்துக்கு முன் எனக்கு மார்வலி வந்து, வேலையை விட்டு வீட்டோடு உட்கார்ந்த பிறகு, யாரும் என்னிடம் எந்த வேலையும் கேட்டதில்லை அக்கா. குடத்தைத் தூக்காதே, படியேறாதே, கத்தாதே என்பார்கள். அப்படிப்பட்டவனிடம் பெற்ற மகள் வந்து நடிக்கக் கூப்பிடுகிறாள். பிணமாக இருந்தால் என்ன, தலைகால் புரியவில்லை எனக்கு. சட்டையை நானே இஸ்திரி போட்டேன். "பிணத்துக்கு எதுக்குங்க இஸ்திரி?" என்று மனைவி கேட்டாள். "முதுகுதானே தெரியப்போகுது, அதாவது சுருக்கமில்லாம இருக்கட்டும்" என்றேன்.

சனிக்கிழமை மத்தியானம் திரைச்சீலையை இழுத்துவிட்டு ஆரம்பித்தார்கள். முதல் தடவை தும்மினேன். இரண்டாம் தடவை, "தோள் மூச்சு விடுது அங்கிள்" என்றாள் நெட்டை. மூச்சை அடக்கினேன். அடுத்த தடவை இருமல் வந்தது. இப்படியே பதினாறு தடவை ஆகி, எல்லாம் சரியாக அமைந்து, கதவு கிறீச்சிட்டு, அவள் வந்து நின்று, அறையே கப்சிப் என்று இருந்த நேரத்தில் மடியில் போன் அடித்தது. அடிக்கும் என்று எனக்குத் தெரியும். எடுக்கக் கூடாது என்று முன்பே சொல்லியும் வைத்திருந்தார்கள். ஆனால் முப்பத்தோரு வருடப் பழக்கம் கையில் இருக்கிறதே. எடுத்து, "சொல்லுங்க, எந்த மாடியில மாட்டியிருக்கீங்க?" என்றேன். மறுமுனையில் சமையலறையிலிருந்து போன் செய்த காது, "ஹால்லதான் அங்கிள்" என்றான். நெட்டை சிரித்த சிரிப்பில் கேமரா சாய்ந்தது. உங்கள் மருமகளும் சிரித்தாள். அதற்குள் வெளிச்சம் போய்விட்டது. மிச்சத்தை ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்று கிளம்பினார்கள்.

அவர்கள் போன பிறகு எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. இத்தனை பிள்ளைகள் வந்து போகிற வீட்டில் கதவு இப்படிக் கத்துகிறதே என்று மானக்கேடாக இருந்தது. கீல் மூன்றிலும் எண்ணெய் விட்டேன். தேங்கிய துருவைத் துடைத்தெடுத்தேன். திருகாணிகளை முறுக்கினேன். திறந்து மூடிப் பார்த்தேன். பூனை நடப்பது போல் இருந்தது. மறுநாள் அவர்கள் வந்ததும் நானே பெருமையாகக் கதவைத் திறந்துவிட்டேன். காது ஹெட்போனோடு அப்படியே நின்றான். திரும்ப மூடித் திறந்தான். பிறகு உங்கள் மருமகளைப் பார்த்தான். "இந்தக் கதவுக்காகத்தானே இந்த வீட்டுல எடுக்கலாம்னே?" என்றான். ஆறு வீட்டுக் கதவுகளைத் திறந்து கேட்டுப் பார்த்து எங்கள் கதவைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் அக்கா. அவளோ, "பரவாயில்லப்பா" என்று மட்டும் சொன்னாள். சங்கடத்தில் நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். என் முழங்கால் ஒரு சத்தம் போட்டது. காதின் முகம் மலர்ந்துவிட்டது. "அங்கிள், இன்னொரு தடவை எழுந்திரிங்க. மெதுவா." பதினோரு தடவை எழுந்து உட்கார்ந்தேன். படத்தில் இப்போது கதவு திறக்கும்போது நீங்கள் கேட்கப்போகும் சத்தம் உங்கள் தம்பியின் வலது முழங்கால்.

இதுவரை நடந்ததெல்லாம் சிரித்து மறக்கக் கூடியது. இனிமேல்தான் எழுதக் கை கூசுகிறது. புதன்கிழமை கல்லூரியில் படத்தைப் போட்டார்கள். மாணவர்களும் பெற்றோர்களுமாக முப்பது பேர் இருப்போம். ஆளுக்கொரு படிவம் கொடுத்தார்கள். நான்கு கேள்விகள். பயமாக இருந்ததா, எங்கே, ஏன் என்று இரண்டு வரியில் எழுத வேண்டும். நான் கூடுதல் தாள் கேட்டு வாங்கினேன். குறை, காரணம், பரிந்துரை என்று கோடு போட்டு மூன்று கட்டம் பிரித்தேன். பதினான்கு குறைகள் கண்டுபிடித்தேன். லிஃப்ட் கதவு முழுவதும் மூடாமல் விளக்கு அணையாது. படத்தில் அணைகிறது. திரைச்சீலை முதல் காட்சியில் இடப்பக்கம், அடுத்ததில் வலப்பக்கம். இப்படியே போயிற்று. விரிவுரையாளர், "யாராவது ஏதாவது சொல்ல விரும்புறீங்களா?" என்று பொதுவாகத்தான் கேட்டார். நான் எழுந்துவிட்டேன். எழுந்ததோடு நிற்காமல் பதினான்கையும் வாசித்தேன். முதல் இரண்டுக்கு எல்லோரும் சிரித்தார்கள். நான் நன்றாகப் பேசுகிறேன் என்று நினைத்துக் குரலை உயர்த்தினேன். ஐந்தாவதில் சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கு உறைக்கவில்லை. உங்கள் மருமகள் முன்னால் நின்றபடி ஒரு நோட்டில் நான் சொன்னதையெல்லாம் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தாள். "ஏழு" என்றேன். "அந்தப் பெண் உள்ளே போய் அவரைக் கூப்பிட்டுப் பார்க்காமல் வாசலிலேயே ஏன் நிற்கிறாள்? சொந்த வீட்டுக்குள் வருகிறவள் யாரும் அப்படி நிற்க மாட்டாள். நம்பும்படி இல்லை." அவள் பேனா அங்கே நின்றது. பிறகு அதையும் எழுதினாள்.

வீடு திரும்பும் வழியில், "ஏம்மா, தப்பா ஏதும் சொல்லிட்டேனா?" என்று கேட்டேன். "இல்லப்பா. எல்லாத்தையும் எழுதிக்கிட்டேன்" என்றாள். மறுநாள் காலை நான் குளித்துவிட்டு வருவதற்குள் பையோடு நிற்கிறாள். "அத்தை வீட்டுக்குப் போறேன். நாள் ஆகும்." அவ்வளவுதான்.

அவள் போன பிறகு மேசையில் கட்டுரையின் கைப்பிரதி இருந்தது. படித்தது தப்புதான். எழுத்துப்பிழை இருந்தால் திருத்தலாம் என்றுதான் எடுத்தேன், வேறு கெட்ட எண்ணம் இல்லை. கதவுச் சத்தத்தை எழுதியிருந்தாள். பிணம் போன் எடுத்ததைக்கூட, "படப்பிடிப்பின் மிகச் சிறந்த நிமிடம், படத்தில் சேர்க்க முடியாமல் போனது" என்று எழுதியிருந்தாள். கடைசிப் பக்கத்தில் பார்வையாளரிடமிருந்து என்ன கற்றீர்கள் என்ற கேள்வி. அதற்குக் கீழே எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன். மனப்பாடமாகிவிட்டது.

"அந்தப் பெண் ஏன் வாசலில் நிற்கிறாள் என்று ஒரு பார்வையாளர் கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் வீட்டில் அப்பா சாயங்காலம் ஜன்னலைப் பார்த்தபடி, வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். அவருக்கு மார்வலி வந்ததிலிருந்து, கல்லூரி முடிந்து வரும் ஒவ்வொரு நாளும் நான் வாசலில் ஒரு நொடி நிற்கிறேன். கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் என்ன செய்வது என்று தெரியாததால் கூப்பிடுவதில்லை. அவர் தலை அசையும். பிறகு உள்ளே போவேன். எனக்குத் தெரிந்த திகில் அது ஒன்றுதான். அதைத்தான் எடுக்க முயன்றோம். பார்வையாளருக்கு அது புரியவில்லை என்றால், குறை எங்கள் படத்தில்தான் இருக்கிறது."

குறை எங்கே இருக்கிறது என்று சொல்ல நான்தான் பரிசோதகன் அக்கா. ஊரில் எத்தனை லிஃப்டில் ஏறி, கம்பி எத்தனை இழை தேய்ந்திருக்கிறது என்று விரலால் தடவிச் சொல்லியிருக்கிறேன். என் முதுகுக்குப் பின்னால் இரண்டு வருடமாக ஒரு பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்குத் தெரியவில்லை. நின்றதைப் படமாகவும் எடுத்து, அதில் என்னையே உட்கார வைத்துக் காட்டினாள். அதற்கும் முப்பது பேர் முன்னால், நம்பும்படி இல்லை என்றேன்.

அன்று சாயங்காலம் எப்போதும் போல ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் கண்ணாடியில் வாசல் தெரிந்தது. மருத்துவமனையில் வேலை முடிந்து மனைவி வந்தாள். வந்தவள் செருப்போடு நின்றாள். நான் திரும்பியதும்தான் செருப்பைக் கழற்றினாள். "நீயுமா?" என்றேன். "எது?" "வாசல்ல நிக்கிறது." அவள் கைப்பையை மாட்டிவிட்டு, "பின்ன? நர்சுன்னா பயம் இருக்காதா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை கல்லூரிக்குப் போய் விரிவுரையாளரைப் பார்த்து, என் தாள்களைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். "தர முடியாது சார், அது பார்வையாளர் கருத்து, கோப்புல சேர்ந்தாச்சு" என்றார். புதுப் படிவமாவது கொடுங்கள் என்றேன். "ஒருத்தருக்கு ஒரு படிவம்தான் சார்." நானும் முப்பத்தோரு வருடம் இப்படித்தான் பேசியிருக்கிறேன், ஆகையால் சண்டை போடவில்லை.

உங்களிடம் கேட்பது இதுதான். அவளைச் சமாதானப்படுத்துங்கள். கட்டுரையை நான் படித்தது தெரியக்கூடாது. படம் எனக்குப் பயமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது என்று நான் சொன்னதாகப் பேச்சோடு பேச்சாக நீங்கள் சொல்லிவிடுங்கள். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. இந்தக் கடிதம் மட்டும் எக்காரணம் கொண்டும் அவள் கண்ணில் படக்கூடாது. படித்ததும் கிழித்துவிடுங்கள்.

உங்கள் ஆசி எங்கள் மூவருக்கும் வேண்டும். உங்கள் மருமகளுக்குச் சற்றுத் தாராளமாகவே வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டித் தபால் தலையும் ஒட்டிய பிறகு என் மனைவியிடம் காட்டினேன். முகவரியைப் பார்த்துவிட்டு, "அவங்களால எப்படிப் படிக்க முடியும்? கண்ணுல கட்டுப் போட்டிருக்கே" என்றாள். உங்களுக்குக் கண் அறுவை நடந்ததும், துணைக்கு ஆள் வேண்டும் என்று நீங்கள் போன வாரமே கேட்டதும், உங்கள் மருமகள் அதற்காகத்தான் வந்தாள் என்பதும் இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. தெரிந்தால் ஆஸ்பத்திரி லிஃப்டைச் சோதிக்க வந்து நிற்பான், அவனுக்குச் சொல்லாதே என்று சொன்னது நீங்கள்தானாம். "அப்ப அவளுக்கு என்மேல கோவம் இல்லையா?" என்றேன். "இருந்துச்சு. அதுக்காகப் போகலை." "நாலு நாளா நான் தவிக்கிறதைப் பாத்துக்கிட்டுதானே இருந்தே, சொல்லியிருக்கலாம்ல?" "நாலு நாளா இந்த வீட்டுல யாரையும் குறை சொல்லாம இருந்தீங்க. கெடுக்க மனசு வரலை" என்கிறாள்.

ஆகவே இதை உங்களுக்குச் சத்தமாகப் படித்துக்காட்டிக்கொண்டிருப்பது யார் என்று எனக்குத் தெரிகிறது. கடிதத்தைக் கிழிக்கலாமா என்று யோசித்தேன். மறுபடி எழுத எனக்குத் தைரியம் வராது, அதனால் உறையைப் பிரித்து இதையும் சேர்த்து அனுப்புகிறேன். மகளே, படித்த வரைக்கும் படித்துவிட்டாய். அத்தைக்குச் சொட்டு மருந்து விடும்போது புட்டியின் நுனி இமையில் படாமல் பார்த்துக்கொள். இது குறை இல்லை. சும்மா சொன்னேன்.