பிறக்காத மன்னர்

எந்த வரைபடத்திலும் அகப்படாத சுபபுரி நாட்டில் குருவம்மாள் என்றொரு மருத்துவச்சி இருந்தாள். தலைநகரில் பாதிப் பேர் அவள் கையில் விழுந்து அழுதவர்கள்தான்.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்கள் ஓட்டுப் போட்டு மன்னரைத் தேர்ந்தெடுப்பது அந்நாட்டு வழக்கம். அப்படி வந்த மன்னருக்குப் பஞ்சாங்கத்தில் அபார நம்பிக்கை. முகூர்த்தத்துறை என்று ஒன்றைத் தொடங்கி, மங்களநாதரை அதற்கு அமைச்சராக்கினார்.

நல்ல நேரம் முழுவதும் அரண்மனைக்குச் சொந்தம் என்பது அமைச்சரின் முதல் ஆணை. மிச்ச நேரத்தை மக்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். மக்களும் ராகு காலத்தில் கடை திறந்தார்கள், எமகண்டத்தில் தாலி கட்டினார்கள். அந்த வருடம் மழை பொய்த்தது. மக்கள் கெட்ட நேரத்தில் காரியம் தொடங்குவதே காரணம் என்று கண்டறிந்த அமைச்சர், அதையும் தடை செய்தார். விதைநெல் மூட்டையிலேயே கிடந்தது. ஐந்தாண்டு முடிந்தும் தேர்தல் வரவில்லை. கேட்டவர்களிடம், நாள் பார்த்துக்கொண்டிருப்பதாக அமைச்சர் பொறுமையாகச் சொன்னார்.

ஒரு ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு, சரியான ராகு காலத்தில், செல்லக்கிளி என்ற பெண்ணுக்கு வலி கண்டது. குருவம்மாள் வெந்நீர் வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது அமைச்சரே காவலர்களோடு வாசலில் வந்து நின்றார். ஆறு மணிவரை பிள்ளை பிறக்கக் கூடாது. ஆறுக்கு மேல் குரு ஓரை, நல்ல நேரம், அது அரண்மனையுடையது, அப்போதும் கூடாது என்று விளக்கினார்.

"அப்ப எப்பத்தாங்க பெக்கறது?" என்றாள் குருவம்மாள்.

"விண்ணப்பம் கொடுங்கள், பரிசீலிப்போம்."

உள்ளே செல்லக்கிளி அலறினாள். குருவம்மாளுக்குப் பயம்தான். போன மாதம் தடையை மீறி விதைத்தவன் இன்னும் சிறையில் இருந்தான். ஆனாலும் கதவைச் சாத்திவிட்டு வேலையைப் பார்த்தாள். ஐந்தே முக்காலுக்குப் பெண் குழந்தை பிறந்து, தெருவே கேட்க அழுதது.

மறுநாள் குருவம்மாளைச் சபையில் நிறுத்தினார்கள். ராகு காலத்தில் நடந்த பிறப்பு செல்லாது, அது நடக்காததற்குச் சமம் என்றார் அமைச்சர். குருவம்மாள் அவரை விட்டுவிட்டு மன்னரைப் பார்த்தாள்.

"மகராசா, நீங்க பொறந்ததும் ஞாயித்துக்கெழம சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தாங்க. இந்தக் கையாலதான் எடுத்தேன்."

மன்னர் அமைச்சரைப் பார்த்தார். அமைச்சர் பஞ்சாங்கத்தைப் பார்த்தார். சட்டம் இத்தோடு ஒழிந்தது என்று குருவம்மாள் நம்பினாள்.

மாலையில் புதிய ஆணை வந்தது. மன்னர் பிறக்கவே இல்லை, தாமாகத் தோன்றியவர். பிறக்காதவருக்கு வயதில்லை, ஆகவே பதவிக்காலமும் இல்லை, தேர்தலும் தேவையில்லை. சபையோர் எழுந்து நின்று கைதட்டினார்கள். பிறக்காத குழந்தைக்குப் பிரசவம் பார்த்தது குற்றமாகாது என்று குருவம்மாளையும் விட்டுவிட்டார்கள்.

அவள் செல்லக்கிளி வீட்டுக்கு வந்தாள், குழந்தையைக் குளிப்பாட்டினாள், யோசித்தாள். அடுத்த வாரம் வரி வாங்க வந்த அதிகாரிகளிடம், இந்தத் தெருவில் எல்லோரும் ராகு காலத்தில் வந்தவர்கள், ஆகவே யாருமே பிறக்கவில்லை என்று கைநாட்டு வைத்துக் கொடுத்தாள். பிறக்காதவர்களிடம் வரி வாங்கச் சட்டத்தில் வழியில்லாமல் அவர்கள் திரும்பிப் போனார்கள். செய்தி பரவி, ஊர் ஊராக ஆட்கள் அவள் வாசலில் வரிசையில் நின்றார்கள்.

மாதக் கடைசியில் அமைச்சர் மன்னருக்கு அறிக்கை வாசித்தார். நம் நாட்டில் ஆட்சியைக் குறை சொல்ல ஒருவர்கூட இல்லை என்றிருந்தது. மன்னர் அந்த வரியை மட்டும் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.