வெள்ளைத்தாளும் ஒரு நீல பேசினும்

பதுளையிலிருந்து பசறை வரை சல்லடை போட்டுத் தேடினாலும், பூச்சி விஷயத்தில் பொய் சொல்லத் தெரியாத ஆள் ஒரே ஒருவர்தான். அவருடைய பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு அவர் 'வெள்ளைத்தாள்'. வேலை, மருந்தடிப்பது. ஆனால் செடியை ஒரு வெள்ளைத்தாளின் மேல் தட்டிப் பார்க்காமல் மருந்துப் பம்பைத் தோளில் ஏற்றமாட்டார்.

செடி என்றுகூட இல்லை. தண்ணீர்க் குழாய் திறக்க வந்த அரசியல்வாதியின் மாலையையும் மேடையேறித் தட்டினார். அவசரத்துக்குக் கையில் கிடைத்தது அந்த மனிதரின் உரைத்தாள். "ஐயா, இலைப்பேனு ஓடுதுங்க!" அந்த உரையில் உயிரோடு இருந்தது அது ஒன்றுதான்.

அந்தக் குழாய் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எங்களுக்கும் அடுத்த வீட்டு லெச்சுமிக்கும் பொது. ஒருநாள் எங்கள் மிளகாய்ச் செடிகளின் இலை சுருண்டது. என் மனைவி உடனே கண்டுபிடித்துவிட்டாள்: லெச்சுமியின் கண்! வெள்ளைப் புள்ளி வைத்த கரிச்சட்டி கம்பில் ஏறியது. பதினைந்து வருடச் சிநேகம் முறிந்தது. ஒருத்தி குழாயடிக்கு வந்தால் மற்றவள் போய்விடுவாள். லெச்சுமி வீட்டு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் நின்றுபோனதில் எனக்குத்தான் பெரிய நஷ்டம்.

வெள்ளைத்தாளைக் கூட்டிவந்தேன்.

"மேல் பக்கமா சுருண்டிருக்கே," என்றபடி தட்டினார். நூல் துணுக்குபோல மஞ்சளாகச் சில தாளில் ஓடின.

"இந்தாங்க தங்கச்சி, லெச்சுமியோட கண்ணு. ஆறு காலு இருக்கு, எண்ணிக்குங்க."

வேலி தாண்டி லெச்சுமியின் செடியையும் தட்டினார். அங்கேயும் அதே கூட்டம். "அப்ப இது யாரு கண்ணு?" என்று என் மனைவியைக் கேட்டார்.

"மருந்தடிச்சிருங்கண்ணே," என்றேன்.

"வேணாங்க. இதத் திங்கிற பூச்சியும் சேந்து செத்துரும். இலைக்கு அடியில தண்ணிய வேகமா அடிங்க. ரெண்டு வீட்டுலயும் ஒரே நாள்ல அடிக்கணும். இல்லாட்டி இங்கேருந்து அங்க போயிரும்."

ஒரே குழாய், ஒரே ஹோஸ். ஒருத்தி திறக்க, மற்றவள் பிடிக்க வேண்டும். மூன்றாம் நாள் பேசிவிட்டார்கள், என்னைத் திட்டுவதற்காக.

போகிறபோக்கில் மனைவி துணி அலசும் புது நீல பேசினில் கிரீஸைப் பூசி, கரிச்சட்டியை இறக்கிவிட்டு அந்தக் கம்பிலேயே மாட்டினார். "நீலமுன்னா அதுக்கு உசுரு. வந்து ஒட்டிக்கும்."

பிறகு அவர் மகளோடு பண்டாரவளைக்குக் குடிபோய்விட்டார். செடிகள் நன்றாகத்தான் இருந்தன. எங்களுக்குத்தான் அவர் இல்லாமல் என்னவோபோல் இருந்தது. போன மாதம் மனைவியும் லெச்சுமியும் சேர்ந்து போன் போட்டார்கள்.

"எல கொஞ்சம் சுருண்டாப்புல இருக்குண்ணே."

சுத்தப் பொய்.

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினார். தட்டினார். தாளில் ஒன்றுமே இல்லை. எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தாளை மெதுவாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"ஆமாங்க, நெறையத்தான் இருக்கு. அடுத்த வாரமும் வந்து பாக்கணும்."