சேரின் காருக்குக் கீழே நாலு தேசிக்காய்

நல்லது செய்யப் போய் வெட்கப்பட்டு நின்றவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். ஆனால் தேசிக்காய், அதுதான் எலுமிச்சங்காய், வைத்து லண்டனில் ஒரு தெருவையே காலியாக்கியவள் நான் ஒருத்திதான். அதில் என் பிழை என்ன என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

எண்பதுகளின் கடைசியில் ஒரு பெரிய மனிதர் வீட்டில் துப்புரவு வேலை செய்தேன். சேர் என்றுதான் கூப்பிடுவேன். மகாராணியின் அந்தரங்கச் செயலாளருக்கு அடுத்த ஆள். மகாராணிக்கு வரும் கடிதம், அவர் போகும் பயணம், பேசும் பேச்சு எல்லாம் அந்த இருவரும் வேலை செய்யும் கந்தோரைத் தாண்டித்தான் போகும். (நாலாம் வகுப்போடு நின்ற எனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்கக் கூடாது. அவருடைய மேசையைத் துடைத்தவள் நான்.)

பல வருடம் இரண்டாம் ஆளாகவே இருந்தவருக்கு ஒருவழியாகத் தலைமைப் பதவி கிடைத்தது. முதல் நாள் காலை பத்து மணிக்கு மகாராணி முன்னால் நிற்க வேண்டும். பிந்தவே கூடாது. வாழ்த்துச் சொல்ல வந்தவர்களின் கண்களைப் பார்த்தேன். அத்தனையும் பொல்லாத கண். அதனால் அப்டன் பார்க்கில் எங்கள் ஆட்களின் கடையில் நாலு தேசிக்காய் வாங்கி, குங்குமம் பூசி, அன்று வேலைக்கு வந்த கையோடு காரின் நாலு சில்லுக்கும் கீழே வைத்தேன். கார் நசுக்கிக்கொண்டு போனால் கண்ணூறு கழியும். எங்கள் ஊரில் சைக்கிளுக்கே வைப்பார்கள்.

நான் உள்ளே படிக்கட்டுத் துடைத்துக்கொண்டிருக்க, சாரதி வழமைபோலக் கண்ணாடி பிடித்துக் காருக்கு அடியில் பார்த்திருக்கிறான். கார்களுக்குக் குண்டு வைத்த காலம் அது. கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்கப் பொலிஸ். எல்லாரையும் தெருமுனைக்கு விரட்டினார்கள்.

"காருக்குக் கீழே குண்டாம்," என்றார் சேர், கடிகாரத்தைப் பார்த்தபடி.

என் தேசிக்காய்தான் அதைக் காட்டிக்கொடுத்தது என்று எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பக்கத்தில் நின்ற பொலிஸ்காரனிடம் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பெருமையாகக் கேட்டேன்.

"எத்தினை குண்டு, தம்பி?"

"நாலு. பச்சை நிறம். மேலே சிவப்பு அடையாளம்."

புல்லரித்த உடம்பு விறைத்துப் போனது. வாயை மூடிக்கொண்டு நின்றால் வேலை தப்பும். ஆனால் மணி ஒன்பதரை. சேரின் முகத்தைப் பார்க்க ஏலவில்லை.

"அது தேசிக்காய். நான்தான் வைச்சனான்."

"எதற்கு?"

"சேரின்ரை கார் ஏறி நசுக்க."

"நசுக்கினால்?"

"அவரைப் பார்த்து எரியிற ஆக்கள் அழிஞ்சு போவினம்."

அந்த அறிவுகெட்டவன் அதையும் புத்தகத்தில் எழுதினான்.

சேர் டாக்ஸி தேடி ஓடினார். பொலிஸ்காரர்கள் என் தேசிக்காய்களை இடுக்கியால் தூக்கிப் பையில் போட்டார்கள். ஒன்று உருண்டுபோய்ப் பொலிஸ் வாகனத்துக்குக் கீழே நசுங்கியது. நான் சேருக்கு வைத்த பலன் பொலிசுக்குப் போயிற்று. மன்னிப்புக் கேட்க ஒருத்தன் இல்லை. மிச்சம் மூன்றையும் திருப்பித் தரவுமில்லை.

வேலை போய்விட்டது என்று, பின்னேரம் சேர் வரும்வரை என் பையைக் கட்டி வைத்துக்கொண்டு இருந்தேன்.

"பிந்தினீங்களோ, சேர்?"

"நாலு நிமிடம்."

"என்ன காரணம் சொன்னீங்கள்?"

"அரண்மனைக்குள் பேசியதை வெளியே சொல்வதில்லை, நல்லம்மா." கதவுவரை போய்த் திரும்பினார். "அடுத்த தடவை சாரதியிடம் முதலே சொல்லுங்கள்."

தொண்ணூறுகளில் ஓய்வு பெறும்வரை அந்தப் பதவியில் அவரை யாராலும் அசைக்க முடியவில்லை. அன்று மகாராணியிடம் என்ன சொன்னார் என்று அவர் வாயைத் திறக்கவுமில்லை.

என் வீட்டில்தான் ஒருவருக்கும் வாய் நிற்பதில்லை. நாங்கள் இருக்கும் குட்மேய்ஸில் யார் புதுக் கார் வாங்கி நான் தேசிக்காய் வைக்கப் போனாலும், "மாமி, பொலிசுக்கு அறிவிச்சிட்டியளோ?" என்று மருமகன் கேட்பார். பேரப்பிள்ளைகள் தெருமுனைக்கு ஓடிப்போய்க் காதைப் பொத்திக்கொண்டு நிற்பார்கள்.

நிற்கட்டும். நாலும் நசுங்கிய பிறகுதான் நான் வீட்டுக்குள் போவேன்.