பிரசவம் பார்க்கப் போனவள் கேட்கும் மறுப்பு

டாங்கோ பாட்டுப் பத்திரிகையின் மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

புவெனஸ் ஐரிஸ், பாராக்காஸ் வட்டாரத்திலிருந்து எர்மினியா புருசோனே வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். நீங்களும், உங்கள் மனைவி இன்னும் ஓடிப்போகாமல் இருந்தால் அவரும் நலமென்று நம்புகிறேன்.

போன இதழில் என் கணவர் எவரிஸ்தோவின் பாட்டைப் போட்டிருக்கிறீர்கள். அதில் எர்மினியா என்ற துரோகி பட்டு உடுத்திக்கொண்டு ஒரு பணக்காரனின் காரில் ஏறிப் போய்விடுகிறாள். அவர் இருட்டறையில் தனியாக அழுகிறார், அவருடைய நாய் பட்டினி கிடக்கிறது. ஐயா, நான் வீட்டில் இல்லாத அந்த எட்டு நாளும் ரொசாரியோ ஊரில் என் தங்கைக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தேன். போனது ரயிலில், பலகை இருக்கையில், மடியில் கோழியோடு. எங்களிடம் நாயே கிடையாது. பட்டினியும் கிடையாது, மூன்று சட்டி நிறையச் சமைத்து வைத்துவிட்டுத்தான் போனேன், வந்து அந்தச் சட்டிகளைக் கழுவினதும் நான்தான். எங்கள் முற்றத்தில் பன்னிரண்டு குடித்தனமும் ஒரே குடுவையில், ஒரே உறிஞ்சு குழாயில் மாத்தே இலைத் தேநீர் குடிப்போம். அந்தப் பாட்டு வானொலியிலும் வந்த நாள்முதல், ஊற்றிக்கொடுக்கிற பிலோமேனா குடுவையை என்னைத் தாண்டி அடுத்த கையில் கொடுக்கிறாள். ஏன் என்று கேட்டதற்கு, "பணக்காரன் வீட்ல வெள்ளிக் குழாய்ல குடிச்ச வாயாச்சே, இது உனக்கு இறங்குமாடி" என்கிறாள். இருபது வருஷம் பழகினவள், ஐயா. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கறிக்கடை கயெத்தானோ எனக்கு வெறும் சவ்வாகப் பார்த்து வெட்டிப்போட்டுவிட்டு, நாய்க்கென்று நல்ல எலும்பாக இனாமாகக் கட்டித் தருகிறார்.

எதற்கு இப்படி எழுதினீர்கள் என்று இவரைக் கேட்டேன். நான் தேய்த்துக் கொடுத்த சட்டையை மாட்டிக்கொண்டே, "தங்கச்சி பிரசவத்துக்குப் போனாள்னு எழுதினா எவன்டி அழுவான்?" என்கிறார்.

உங்கள் இதழை முழுக்கப் படித்துப் பார்த்தேன். நாற்பது பாட்டு, நாற்பதிலும் ஒருத்தி ஓடிப்போகிறாள். ஓடாத ஒரே பெண் பாடுகிறவனைப் பெற்ற அம்மா. இத்தனை பேர் ஓடிவிட்டால் இந்த ஊரில் ஆம்பளைங்க சட்டையெல்லாம் யார் துவைக்கிறதாம்? அழுகிறவன் ஒருத்தனாவது கசங்கின சட்டையோடு இருக்கிறானா?

ஆகவே, எர்மினியா எங்கும் போகவில்லை என்று அடுத்த இதழில் அதே அளவு எழுத்தில் மறுப்புப் போட வேண்டும். லூகான் மாதா உங்கள் குடும்பத்தைக் காக்கட்டும், பாட்டெழுதுகிறவர்களிடமிருந்து முதலில் காக்கட்டும்.

இப்படிக்கு,
வீட்டிலேயே இருக்கும்
எர்மினியா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் இவர் படித்துவிட்டார். என் பெயரைக் காப்பாற்ற உடனே உட்கார்ந்து இன்னொரு பாட்டு எழுதிவிட்டார். அதில் நான் பல் கொட்டி, இருமிக்கொண்டே வாசலில் வந்து மன்னிப்புக் கேட்கிறேன். இவர் பெரிய மனசு பண்ணி என்னை உள்ளே விடுகிறார், நான் உடனே அடுப்பு மூட்டுகிறேன். மறுப்பு வேண்டாம், ஐயா. பழைய பாட்டே இருக்கட்டும். அதிலாவது நான் திரும்பி வரவில்லை.