கட்டண விதி பதினேழு

மனித குலத்தின் மாபெரும் சாதனை எது என்று கேட்டால் சிலர் சக்கரம் என்பார்கள், சிலர் தடுப்பூசி என்பார்கள். நம் வக்கீலைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்: கட்டண விதி பதினேழு.

கூண்டில் நிற்பவருக்காக வாதாடும் வக்கீல், அவரை விடுவித்ததற்காக எதுவும் வாங்கக் கூடாது. அரசு தருவது ஒரே தொகை. ஆள் உள்ளே போனாலும் வெளியே வந்தாலும் அதேதான். ஒரு வழக்குக்கு இரண்டு மணி நேர உழைப்புக்கு மேல் கணக்கில் ஏறாது. பேராசையை நாலே வரியில் ஒழித்த அந்த விதியை வக்கீல் கண்ணாடிச் சட்டம் போட்டு, கோர்ட்டுக் கீழ்த்தளத்தில் இருந்த தன் அறையில் மேசைக்கு மேலே மாட்டியிருந்தார்.

அதன் கீழே, பூட்டுத் திறக்கும் தொழிலாளி ஒருவரின் அக்கா உட்கார்ந்திருந்தாள். தம்பி பதினோரு நாளாக ரிமாண்டில். நகைக் கடையின் பின்கதவுப் பூட்டை மதியம் மூன்று மணிக்கு உடைத்தார் என்று புகார். மறுநாள் விசாரணை.

"அந்த நேரம் அவன் இந்தக் கோர்ட்டு மாடியிலதான் சார் இருந்தான். கழிவறையில மாட்டிக்கிட்ட பெஞ்ச் கிளார்க்கைக் கதவத் திறந்து வெளிய விட்டிருக்கான். மாடி வாசல் நோட்டுல அவன் கையெழுத்துகூட இருக்கு."

வக்கீல் நெகிழ்ந்துபோனார். "அருமையான ஆதாரம்மா."

"அப்ப அந்த நோட்ட எடுத்துக் காட்டுங்க."

"நேரம் முடிஞ்சுபோச்சே." ஒரு தாளை நீட்டினார். சிறை வாசலில் காத்திருந்தது ஐம்பது நிமிடம். வண்டி நிறுத்த இடம் தேடியது இருபத்தைந்து. இந்தக் கணக்கை எழுதியது நாற்பத்தைந்து.

"மாடி ஏறி இறங்கப் பத்து நிமிஷம் ஆகுமா?"

"பதினஞ்சு. எனக்கு முட்டி வலி."

"நான் போய் எடுத்துட்டு வரேன்."

"வக்கீல் மனு போட்டாத்தான் தருவாங்க."

அவள் வளையலைக் கழற்றி மேசையில் வைத்தாள். "அவன் வெளிய வந்தா இது உங்களுக்கு."

வக்கீல் நாற்காலியோடு பின்வாங்கினார். "முதல்ல அதை எடும்மா. அவன் வெளிய வரணும்னு எனக்கு ஆசை வந்துட்டா என்ன ஆகுறது?"

"சரி, காசு வேணாம். சும்மா ஏறிப் பாருங்க."

"சும்மா செஞ்சா மத்த வக்கீலுங்க பொழப்புல கை வச்ச மாதிரி. விதி பதினெட்டு."

அக்கா வளையலை மறுபடி மாட்டிக்கொண்டாள். "அவனைப் பிடிச்ச போலீஸ்காரருக்கு?"

"தண்டனை கிடைச்சா பதக்கம்."

"அரசாங்க வக்கீலுக்கு?"

"வருஷத்துக்கு இத்தனை பேர உள்ள அனுப்பினா பதவி உயர்வு."

"அது மட்டும் பரவாயில்லையா?"

"அது கூலி இல்லம்மா. 'ஊக்கம்'."

"என் தம்பிக்குப் பூட்டு திறந்தாத்தான் சார் கூலி. திறக்கலைன்னா டீக்குக்கூட வாங்க மாட்டான்."

வக்கீல் குரலைத் தாழ்த்தினார். "இதை நாளைக்கு நீதிபதி காதுல போட்டுடாதே. இப்படிப்பட்ட ஆளான்னு கேப்பார்."

மறுநாள் விசாரணை ஒன்பது நிமிடத்தில் முடிந்தது. பெஞ்ச் கிளார்க் நீதிபதிக்குக் கீழே உட்கார்ந்து முத்திரை குத்திக்கொண்டிருந்தார். கூண்டில் நின்றவரை அடையாளம் தெரிந்து லேசாகத் தலையாட்டவும் செய்தார். கழிவறைச் சங்கதியைத் தானாகச் சொல்ல யாருக்குத்தான் வாய் வரும்? கேட்டால் சொல்லியிருப்பார். கேட்க வேண்டியவருக்கு நேரம் முடிந்திருந்தது. அவர் கைகட்டி நின்று, கருணை காட்டும்படி கேட்டுக்கொண்டார். கருணை காட்டப்பட்டது: மூன்று வருடம் இரண்டு வருடமானது.

போலீஸ் வண்டி கிளம்பிப் போன பிறகும் அக்கா வாசல் படியிலேயே நின்றாள். வக்கீல் அருகே வந்தார்.

"மனசைத் தளர விடாதேம்மா. ஒரு பைசா கறை இல்லாம வழக்க முடிச்சிருக்கோம்."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க சார். இத்தனை பேர் வேலை பார்க்கிற இந்தக் கட்டிடத்துல, என் தம்பி வெளிய வந்திருந்தா யாருக்கு ஆதாயம்?"

வக்கீல் நேர்மையானவர். நன்றாக யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"ஒருத்தருக்கும் இல்லம்மா," என்றார் பெருமையோடு. "அவ்வளவு சுத்தமா வச்சிருக்கோம்."