ரங்கூன் மாமாவின் ஏழு கிண்ணம்

ஸ்ரீரங்கத்துக் குழந்தைக்கு முதலில் தாய்ப்பால், அப்புறம் காப்பி. இரண்டுக்கும் நடுவில் வேறொன்றை நுழைக்கப் பார்த்த ஆள், காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே ஒருத்தர்தான். யுத்தத்தின்போது ரங்கூனிலிருந்து தப்பி வந்தவர் என்பதால் ஒரே வாசலுக்குள் வரிசை வீடுகளாக இருந்த எங்கள் ஸ்டோரின் எட்டுக் குடித்தனத்துக்கும் அவர் ரங்கூன் மாமா. சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. ஐம்பதுகளின் நடுவில் எனக்கு எதையும் கேட்கத் தெம்பில்லை.

ரயில்வேயில் நைட் டியூட்டி. மூன்று பிள்ளைகள், மூத்தவனுக்கே ஐந்து முடியவில்லை. பகலில் தூங்கினால்தான் உண்டு. அந்த நேரம் பார்த்துப் பாத்திரம் உருட்டுகிறவன் ஒருத்தன், அதற்கு அழுகிறவள் ஒருத்தி. வேலை பார்த்து நான் சாகவில்லை ஐயா, தூங்க முடியாமல்தான் செத்துக்கொண்டிருந்தேன்.

தினமும் மூன்று மணிக்கு மாமா தன் அறைக்கு முன்னால் தாழ்வாரத்தில் பாய் விரித்து, பிடியில்லாத ஏழு பீங்கான் கிண்ணங்களை வரிசையாக வைப்பார். ஸ்டோரில் ஸ்கூலுக்குப் போகாத வாண்டுகள் ஏழு. ரங்கூனிலேயே தங்கிவிட்ட மச்சினன் கப்பலில் அனுப்பும் பச்சைத் தேயிலையை ஆளுக்கு ஒரு சிட்டிகை போட்டு, வெந்நீர் ஊற்றுவார். பாலும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது.

"இலை அடியில போய் உட்கார்ற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. சத்தம் கேட்டா மேல வந்துடும்."

ஏழும் கிண்ணத்தையே முறைத்துக்கொண்டு மூச்சுவிடாமல் இருக்கும். ஸ்டோரே அடங்கிவிடும். நான் கட்டை மாதிரி தூங்குவேன்.

வினை வந்தது குடிக்கிற விதத்தில். எங்கள் பிள்ளைகள் டம்ளரைத் தூக்கித்தான் குடிக்கும். கிண்ணத்தையும் அப்படியே தூக்கின. பாதி மூக்கில், பாதி சட்டையில். மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

"குளிக்கவாடா குடுத்தேன்? உதட்டுல வச்சு உறிஞ்சுங்க, வாசனை தெரியும்!"

"ஐயே, எச்சில் மாமா!" என்று என் மூணு வயசுப் பெண் அவரையே கண்டித்தாள்.

பத்து நாளில் ஏழும் உறிஞ்சக் கற்றுக்கொண்டன. வீட்டில் பால் டம்ளரையும் வாய் வைத்து உறிஞ்சின. போதாதா? வீட்டுக்காரர் மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டார்.

"என்ன ஓய், குழந்தைகளுக்குக் கஷாயத்தையும் குடுத்து ஆசாரத்தையும் கெடுக்கறீரே! இனிமே ஒரு குழந்தை இங்க வந்தாலும், நீர் ரூமைக் காலி பண்ணிடும்."

மாமா கிண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். எல்லாக் குடித்தனமும் வேடிக்கை பார்த்தது. நானும் நின்றேன். வாயைத் திறந்தேன், கொட்டாவி விடுவதற்கு. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் பிள்ளைகளை உள்ளே போட்டுத் தாழிட்டோம். மூன்று மணிக்கு ஸ்டோரே ரெண்டுபட்டது. தலையணையால் காதை மூடிக்கொண்டேன்.

"ஏங்க, எதிர்ல கொஞ்சம் பாருங்க" என்றாள் என் மனைவி.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஏழு கிண்ணமும் வரிசையாக இருந்தன. ஏழிலும் டீ. மாமா தனியாக உட்கார்ந்து இலை இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாழ்ப்பாளைத் திறந்தேன். பனியனோடு போய்ப் பாயில் உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். அவர் பார்க்கப் பார்க்கவே கிண்ணத்தை உதட்டில் வைத்து உறிஞ்சினேன். வேப்பங்கொழுந்தை அலசின தண்ணீர் மாதிரி இருந்தது.

"எப்படிங்க இருக்கு?" என்று மாமா ஆசையாகக் கேட்டார்.

"சகிக்கல. இன்னொன்னு குடுங்க."

அப்புறம் மாடியைப் பார்த்து, "குழந்தைதானே வரக்கூடாதுன்னீங்க? நான் தினம் வருவேன். காலி பண்ணச் சொன்னா எனக்கும் சேர்த்தே சொல்லிடுங்க!" என்றேன்.

திறந்து கிடந்த கதவு வழியாக என் பெண் ஓடிவந்து மடியில் ஏறி, மூன்றாவது கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள். மற்ற கதவுகளும் ஒவ்வொன்றாகத் திறந்தன. வீட்டுக்காரர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். அதன்பின் அந்தப் பேச்சையே அவர் எடுக்கவில்லை.

மாமா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். நான் ரிட்டயர் ஆகிவிட்டேன். மத்தியானம் பூராத் தூங்கலாம், வீட்டில் ஒரு சத்தம் கிடையாது. ஆனால் மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அந்த மனுஷர் வெளியே பாய் விரித்து உட்கார்ந்திருந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும் போலிருக்கிறது.