மாமியோடு போன பச்சைக் கார்

வீட்டில் ஒருவருக்குக் 'கார் விஷயம் தெரிஞ்ச ஆள்' என்று பெயர் வந்துவிட்டால், அந்தக் குடும்பத்தைக் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான். (மிசிசாகாவில் கார் உதிரிப்பாகக் கடையில் வேலை. அதிகம் விற்பது வைப்பர்.)

போன கோடையில், நானும் மனைவி சுகந்தியும் அவளுடைய அம்மாவான மாமியையும் கூட்டிக்கொண்டு, சுவீடனில் இருக்கும் சுகந்தியின் தம்பியைப் பார்க்க ரொறன்ரோவிலிருந்து போயிருந்தோம். ஒருநாள் நாங்கள் மூவரும் வாடகைக் கார் எடுத்து, நீண்ட பாலமொன்றைக் கடந்து ஓலண்ட் தீவுக்குப் போனோம். அங்கே பழைய கார்களுக்கென்று ஒரு மியூசியம். காரைச் சுற்றிக் கயிறு, தொடக்கூடாது. ஒவ்வொரு காருக்கு முன்னாலும் நின்று நான் விளக்கம் கொடுத்தேன். மாமி பொறுமையாகக் கேட்டுவிட்டு, கால் உளையுது என்றார்.

வெளியே வாசலடியில் பச்சை நிறப் பழைய கார் ஒன்று நின்றது. கயிறில்லை. கதவும் பூட்டவில்லை.

"உது சனம் ஏறிப் பாக்கிறதுக்கு விட்டிருக்கு மாமி. ஏறி இருங்கோ."

"ஆரும் ஏசமாட்டினமோ தம்பி?"

எல்லாம் தெரிந்தவன் சிரிக்கும் சிரிப்பு ஒன்று சிரித்தேன். மாமி பின்சீற்றில் சால்வையைப் போர்த்துக்கொண்டு சாய்ந்தார். சுகந்தி வாஷ்ரூமில். நான் ஐஸ்கிறீம் வாங்கப் போனேன். திரும்பி வந்தால், மியூசியத்துக் கார் தெருவில் ஓடிக்கொண்டிருக்கிறது. பின்கண்ணாடியில் மாமியின் கொண்டை.

அது மியூசியம் பார்க்க வந்த யாரோ ஒருவரின் சொந்தக் கார்.

மாமிக்கு ஆங்கிலம் வராது. அவருடைய ஃபோன், பாஸ்போட், பிறஷர் குளிசை எல்லாம் சுகந்தியின் கைப்பையில். நடந்ததைச் சொன்னபோது சுகந்தி கத்தவில்லை. "காரை எடுங்கோ" என்று மட்டும் சொன்னாள். கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்தத் தீவில் வழிநெடுக மரக் காற்றாலைகள். உலகம் அதைப் பார்க்கத்தான் வருகிறது. நான் பச்சை நிறத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். கடைசியில் ஒரு காற்றாலையின் கீழ் அந்தக் கார் நின்றது. பக்கத்தில் புல்லில் துணி விரித்து, வயதான சுவீடன்காரர் ஒருவரும் அவர் மனைவியும். நடுவில் மாமி, கையில் கோப்பியும் பாதி கடித்த பணிசும்.

கிழவருக்குக் காது மந்தமாம். இவ்வளவு தூரம் வந்தபிறகு மாமி இருமியபோதுதான் அவருடைய மனைவி திரும்பிப் பார்த்தாராம். நான் மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் மாமி சொன்னார்:

"நல்ல சனம் தம்பி. மியூசியம் ரிக்கெற்றுக்குள்ளை கார்ச் சவாரியோடை கோப்பியும் தருவினம் எண்டு நீங்கள் சொல்லேல்லையே."

அதற்குப் பிறகு தீவின் முனையிலிருந்த கலங்கரை விளக்கத்தையும் பார்த்தோம். மாமி பச்சைக் காரில் முன்னால் போக, நாங்கள் பின்னால் போனோம். அவர் எங்கள் காருக்கு மாற மறுத்துவிட்டார்.

இப்போது ரொறன்ரோவில் மல்வேர்ன் பக்கம் எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் மாமி என்னை இப்படித்தான் அறிமுகம் செய்கிறார்: "இவர்தான் என்ரை மருமோன். என்னை ஆரோ ஒருத்தரின்ரை காரிலை ஏத்திவிட்டிட்டு, ஐஸ்கிறீம் குடிக்கப் போனவர்."

அந்த ஐஸ்கிறீமை நான் குடிக்கவேயில்லை என்று சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை.